வீட்டு ரீஃப் தொட்டியில் சிக்ஸ் லைன் ராஸ்: கடைசியாக இறங்கும் மீனுக்கு முன்கூட்டியே செய்ய வேண்டியவை

ரீஃப் தொட்டி என்றால் உயிருள்ள பவளம் வைத்த கடல்நீர்த் தொட்டி. அதில் விடும் சின்னக் கடல்மீன்தான் சிக்ஸ் லைன் ராஸ். அதை வாங்கியவர்களிடமிருந்து வரும் புலம்பல் பெரும்பாலும் மூன்று வகைதான். மீனைக் காணோம். மீன் காலையில் தரையில் காய்ந்து கிடக்கிறது. மீன் மற்ற மீன்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறது. மூன்றுக்கும் காரணம் மீன் இல்லை, வேலைகள் நடந்த வரிசைதான். இந்த மீன் தொட்டியில் கடைசியாக இறங்க வேண்டியது. இறங்கிய பிறகு அதைப் பிடிப்பதோ, அதற்காகப் பாறையை மாற்றி அடுக்குவதோ, மூடியை அளவெடுப்பதோ நடக்கிற காரியம் இல்லை. அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் நம் வீடுகளில் உள்ள தண்ணீர், வெயில், மின்வெட்டு ஆகியவற்றைக் கணக்கில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. இந்த மீன்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

சிக்ஸ் லைன் ராஸ் சுமார் 8 செ.மீ. வளரும். ஆரஞ்சும் ஊதாவும் கலந்த உடம்பு, நீளவாக்கில் ஆறு நீலக் கோடுகள், பச்சை வால், வால் தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. பவளத்தைத் தொடாது. பாறையில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய இறால் வகை உயிர்கள், தட்டைப் புழுக்கள், சிப்பிகளைத் துளைக்கும் குட்டி நத்தைகள் ஆகியவற்றைப் பொறுக்கித் தின்னும். கடையில் நிற்கும்போது அதன் கண்ணை உற்றுப் பாருங்கள். பாறை இடுக்கின் வாசலில் நின்று ஒரு கண்ணை மேலும் மற்றதைக் கீழுமாக உருட்டித் துழாவிவிட்டுத்தான் உள்ளே நுழையும். அதன் கண்ணின் முன்படலம் இரண்டாகப் பிரிந்து, அருகில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு கொண்டது. நம் கண்ணுக்குத் தெரியாத இரையை அது பார்த்துவிடும்.

குணம் அவ்வளவு அழகில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டு, புதிதாக வருபவர்களைத் துரத்தும். ஃபயர்ஃபிஷ் போன்ற பயந்த மீன்களைத்தான் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றால் இதை விட்டுவிடுங்கள். இன்னொரு ராஸ் சேர்க்கும் எண்ணம் இருந்தாலும் வேண்டாம். ஒரு தொட்டிக்கு ஒரு சிக்ஸ் லைன், வேறு ராஸ் கிடையாது.

ஃபேரி ராஸ், ஃப்ளாஷர் ராஸ் இரண்டும் சாதுவானவை, ஆனால் குதிப்பதில் இதையும் மிஞ்சும். மஞ்சள் நிற ஹாலிகோயிரஸ் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும், அதற்கு 5 செ.மீ.க்குக் குறையாத மெல்லிய மணல் வேண்டும். கிளீனர் ராஸை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அது மற்ற மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணியையும் வழவழப்பையும் தின்று வாழ்வது. நாலைந்து மீன் உள்ள வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் சாகும்.

2. தொட்டி, ஸ்டாண்டு, மூடி

"சின்ன மீன்தானே, ஒன்றரை அடித் தொட்டி போதாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மீன் சின்னதுதான், ஆனால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி குறுகக் குறுக மற்ற மீன்கள் தப்பிக்க இடமில்லாமல் போகும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறக்குறைய 180 லிட்டர். ஆரம்பிப்பவருக்கு இந்த அளவே நல்லது. தண்ணீர் அதிகமாக இருக்கும்போது சூடும் உப்பும் மெதுவாகத்தான் மாறும், தவறைத் திருத்த நேரம் கிடைக்கும்.

தண்ணீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் கால் டன் வந்துவிடும். இரும்பு ஸ்டாண்டு என்றால் எபாக்ஸி பெயின்ட் அடித்து வாங்குங்கள். கடற்காற்று வெளியிலிருந்து அரிக்கும், தொட்டியிலிருந்து சிந்தும் உப்புத் தண்ணீர் உள்ளிருந்து அரிக்கும். மின் பலகையைத் தொட்டிக்குக் கீழே வைக்காமல் பக்கச் சுவரில் உயரமாக வையுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

அடுத்து மூடி. மீன் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடப்படுவதும் இதுதான், மீன் தரையில் கிடப்பதற்குக் காரணமும் இதுதான். அலுமினியச் சட்டத்தில் 6 மி.மீ. கண்ணுள்ள நிறமற்ற நைலான் வலையைக் கட்டுங்கள். கண்ணாடி மூடி போட்டால் சூடு உள்ளேயே தங்கும், காற்றோட்டமும் குறையும். சாதாரணக் கொசுவலை பவளத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தின்றுவிடும். வலையை விட, வயரும் குழாயும் நுழையும் மூலைகளைத்தான் கவனிக்க வேண்டும். விரல் நுழையும் இடைவெளி மீனுக்குத் தாராளம். லைட் திடீரென்று அணையும்போது மீன் மிரண்டு குதிக்கும். நம் ஊரில் அது எப்போது அணையும் என்று யாருக்குத் தெரியும்?

3. கடல் பக்கத்திலேயே இருந்தாலும் உப்புத் தண்ணீரை நீங்களே தயாரியுங்கள்

கடற்கரைக்குப் போய்க் குடத்தில் மொண்டு வரலாமே என்ற ஆசை இயல்பானது. வேண்டாம். கெடிலம், தென்பெண்ணை, உப்பனாறு எல்லாம் கடலூரைச் சுற்றியே கடலில் கலக்கின்றன. உப்பனாற்றங்கரையில் தொழிற்பேட்டையும் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் சுண்ணாம்பாறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும், ஊர்க் கழிவும் கூடவே வரும். இந்த வாரம் எடுத்த தண்ணீர் மாதிரி அடுத்த வாரத் தண்ணீர் இருக்காது.

இன்னொரு யோசனையும் அடிக்கடி வரும். ஈ.சி.ஆரில் மரக்காணம் தாண்டும்போது உப்பளத்தில் மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கிறதே, அதைக் கரைத்தால் கடல் தண்ணீர்தானே? இல்லை. உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னாடியே படிந்துவிடும், மெக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நடுவில் அள்ளுவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. பவளம் ஓடு கட்டத் தேவையானது அதில் இல்லை. ரீஃப் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவைதான் வேண்டும்.

உப்பைக் கரைக்க ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும், அதிலும் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பூஜ்யமாக இருக்க வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரத்தில் ருசிக்காக மினரல் கேட்ரிட்ஜ் இருக்கும், டி.டி.எஸ். அட்ஜஸ்டர் என்ற திருகு மூலம் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையும் கலந்துவிடும். மெம்பிரேனிலிருந்து நேராகத் தனிக் குழாய் எடுத்து, அதற்குப் பின்னால், மிஞ்சிய உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயைப் பொருத்துங்கள். கடற்கரைக்கு அருகில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்களில் ரெசின் சீக்கிரம் தீரும். டி.டி.எஸ். மீட்டரில் 1, 2 என்று காட்டத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். கேன் தண்ணீரை நம்பாதீர்கள், கேனுக்குக் கேன் வேறுபடும்.

ஒரு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் கலவை. டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு. உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளை மாவாகக் கீழே படிந்துவிடும், திரும்பக் கரையாது. ஒரு பம்பைப் போட்டு இரவு முழுக்கச் சுழலவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள். அடர்த்தி எண் 1.025, 1.026 வர வேண்டும். மிதக்கும் ஹைட்ரோமீட்டரை விட ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது. அதையும் வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல் 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி, நமக்குத் தேவையான 35-இல் தவறாகக் காட்டலாம்.

4. முதலில் பாறை, பிறகு மணல்

வெறும் கண்ணாடியின் மேல் பாறையை அடுக்குங்கள், அதன் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணலைப் பரப்பிவிட்டு அதன் மேல் பாறையை வைத்தால், கோபி மீனோ இறாலோ அடியில் குழி பறிக்கும் நாளில் பாறை சரியும். சரிந்தால் உடைவது கண்ணாடி.

சிக்ஸ் லைனுக்கு மணல் ஒரு பொருட்டே இல்லை. அது பாறை இடுக்கில் தூங்கும் மீன். அதனால் பாறையை ஒரே மதிலாக அடுக்காமல் இரண்டு குன்றுகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதைப் பார்த்தால் மறுபக்கம் தெரியாதபடி வையுங்கள். விரட்டும் மீனின் கண்ணிலிருந்து விரட்டப்படும் மீன் மறைந்தால், சண்டை அதோடு நின்றுவிடும். விரல் அளவு பொந்துகள் நிறைய இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருந்தால் இன்னும் நல்லது.

பாறை எங்கே கிடைக்கும்? செயற்கையாகச் செய்த செராமிக் பாறை, ரீஃப் பாறை என்று விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து யாரோ கொண்டுவந்த கல் இதெல்லாம் வேண்டாம். பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும், கறுப்புப் பவளம், விசிறிப் பவளம், தீப் பவளம் ஆகியவையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. நம் கடலிலிருந்து எடுப்பதும் அப்படி எடுத்ததை வாங்குவதும் குற்றம்.

5. கத்திரி வெயிலும் மின்வெட்டும்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். நமக்கு ஹீட்டர் அநேகமாகத் தேவைப்படாது. பிரச்சினை எதிர்ப்பக்கம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும், அதே நேரத்தில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் தேவை கூடும். இரண்டும் ஒன்றாக நடப்பதால்தான் மே மாதத்து விடியற்காலையில் மீன்கள் சாகின்றன.

தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் கடற்காற்று வீசும் மாலையில் காற்றே ஈரமாக இருக்கும், ஃபேன் பாதி வேலைதான் செய்யும். அறைக்கு ஏ.சி. இல்லையென்றால், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் வசதி வரும் வரை ரீஃப் தொட்டியைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் கருத்து. சில்லரை ஸ்டாண்டுக்குள் அடைக்காதீர்கள். அது வெளியே தள்ளும் சூட்டையே திரும்ப உறிஞ்சி, ஓடிக்கொண்டே இருக்கும்.

ஃபேன் ஓடினால் தண்ணீர் வற்றும். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டுமே போகும். அதனால் வற்றிய அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து உப்பை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். தானாக ஊற்றும் ஏ.டி.ஓ. கருவி வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் எதை இணைப்பது? தண்ணீரை அசைத்துக்கொண்டே இருக்கும் வேவ் மேக்கர் பம்ப் ஒன்றை மட்டும். லைட், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், சில்லர் எதுவும் வேண்டாம். தண்ணீர் மேற்பரப்பு அசைந்தாலே ஆக்ஸிஜன் உள்ளே போகும், 10 வாட் பம்புக்கு வீட்டு பேட்டரி நெடுநேரம் தாங்கும். கூடவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும், அதற்கான பேட்டரிகளும் வீட்டில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலின்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்தவர்களுக்கு மின்சாரம் திரும்ப எத்தனை நாளானது என்று சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீரே வந்தது. அதனால் அக்டோபர் பிறப்பதற்குள் பேட்டரியைச் சோதித்து, ஒரு டிரம் உப்புத் தண்ணீரையும் தயாராக வைத்துவிடுங்கள்.

6. சைக்கிள் முடியும் வரை எந்த மீனும் வேண்டாம்

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் ஆபத்து, கடைசியைச் சமாளிக்கலாம். இந்த பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இதைத்தான் சைக்கிள் என்கிறோம்.

பாட்டில் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை 2 பி.பி.எம். வரை ஏற்றுங்கள். அடுத்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் சைக்கிள் முடிந்தது. இதற்கென்று டாம்செல் மீனை வாங்கி விடுவது பழைய பழக்கம். அந்த மீன் வேதனைப்பட்டு எப்படியோ பிழைத்தால், அப்புறம் அதுவே தொட்டியின் ரவுடி. அதைப் பிடிக்கவும் முடியாது.

இதே நாளில் இன்னொரு சின்ன வேலை. ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரைச் சம்ப்பில், அதாவது தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில், போட்டு வையுங்கள். புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் குவாரன்டைன் தொட்டிக்கு அது பின்னால் தேவைப்படும். அன்றைக்குப் புது ஸ்பான்ஜ் வாங்கினால் அதில் பாக்டீரியா இருக்காது.

7. மற்றவர்கள் இறங்கும் வரிசை

சைக்கிள் முடிந்ததும் கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும். அப்போது நத்தைகள். இரண்டு வாரம் கழித்துக் காளான் பவளம், ஜோவாந்தஸ் போன்ற எளிய மென்பவளங்களைப் பில்லோடு வாங்குங்கள். ஜோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள், ஆவியே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

பிறகு காப்பிபாட். பாட்டிலில் உயிரோடு விற்கும், இறால் இனத்தைச் சேர்ந்த இந்த மிகச் சிறிய உயிர்களை, லைட் அணைந்த பின், வேவ் மேக்கரை நிறுத்திவிட்டுப் பாறை அடியில் ஊற்றுங்கள். மீன் இல்லாத நாட்களில் விட்டால்தான் அவை பெருகும். மீன் வந்த பிறகு விட்டால் ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். சிக்ஸ் லைன் பகல் முழுக்க வேட்டையாடும் மீன். பொறுக்கித் தின்னப் பாறையில் எதுவும் இல்லாவிட்டால் அதன் கவனம் பக்கத்து மீனிடம் போகும்.

அடுத்து மீன்கள். சாதுவானது முதலில், முரடு கடைசியில். கோபி, பிளென்னி, கார்டினல், அதன் பிறகு க்ளவுன் ஜோடி. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள், பாக்டீரியாவும் கூடக்கூட வளர வேண்டும். கிளீனர் இறால் வேண்டுமென்றால் நன்கு வளர்ந்ததாக இப்போதே விடுங்கள். செக்ஸி இறால் மாதிரிக் குட்டி வகைகளைச் சிக்ஸ் லைன் இரையாகத்தான் பார்க்கும். எல்லோரும் இடம் பிடித்து, பயமின்றி முன்னால் வந்து தின்னத் தொடங்கியதும் ராஸ் வாங்கக் கிளம்பலாம். தொட்டி வைத்து நாலு மாதம் ஆகியிருந்தால் சரியான வேகம்.

8. கடையில் பார்ப்பது, ஊருக்குக் கொண்டு வருவது

நம்மில் பலர் கடைசியில் போய் நிற்பது சென்னை கொளத்தூரில்தான். அங்கே போகும் முன்பே போன் செய்து, தொட்டியில் உப்பு எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் 1.020 அளவில் குறைத்துத்தான் வைப்பார்கள்.

"அண்ணா, ஒரு தடவை தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். தின்னாத சிக்ஸ் லைனை வாங்காதீர்கள், அது எவ்வளவு மினுமினுப்பாக இருந்தாலும் சரி. வயிறு உள்ளே ஒட்டியிருக்கக் கூடாது, செவுள் வேகமாக அடிக்கக் கூடாது, துடுப்பில் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. அதே தொட்டியில் மற்ற மீன்களுக்குப் புள்ளி இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பாறைக்கு வெளியே நடுத் தண்ணீரில் அசையாமல் நிற்கும் மீனும் சந்தேகத்துக்குரியது.

ஆக்ஸிஜன் அடைத்த பை, தெர்மோகோல் பெட்டி, இருட்டு. மூன்றும் இருந்தால் ஈ.சி.ஆர். பயணத்தைத் தாங்கும். பையை வழியில் திறந்து பார்க்காதீர்கள். மூடிய பையில் மீன் விடும் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சற்ற வடிவில் இருக்கும். திறந்ததும் பி.எச். ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் பழக்கம் இதனால்தான் ஆபத்து.

9. குவாரன்டைன்

"ஒரு மீன்தானே, இதற்கெல்லாம் எதற்கு?" என்று கேட்டு இந்தப் படியைத் தாண்டியவர்கள்தான் ஒரே வாரத்தில் மொத்தத் தொட்டியையும் இழந்தவர்கள். பவளம் உள்ள தொட்டியில் மருந்து ஊற்ற முடியாது. ஒட்டுண்ணிக்கு மருந்தாகும் தாமிரம் கலந்தால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். நோயை வெளியிலேயே நிறுத்துவதுதான் வழி.

நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு, ஏர் ஸ்டோன், பி.வி.சி. குழாய்த் துண்டுகள், மேலே வலை. குவாரன்டைன் டப்புக்கு மூடி போட மறந்துதான் நிறைய மீன்கள் சாகின்றன. மணல் வேண்டாம்.

சிக்ஸ் லைனுக்குத் தாமிரத்தை விட இடமாற்று முறையே எனக்குப் பிடித்தது. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனிலிருந்து கழன்று, அடியில் ஒட்டி, பெருகி, மூன்று நாளாவது ஆன பிறகே திரும்ப மீனைத் தேடும். அதனால் மூன்று நாள் முடியும் முன்பே மீனை மட்டும் காய்ந்த, சுத்தமான அடுத்த டப்புக்கு மாற்றுங்கள். பழைய டப், ஏர் ஸ்டோன், குழாய் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நல்ல உபயோகம். இப்படி நாலு முறை மாற்றினால் பன்னிரண்டு நாளில் ஒட்டுண்ணி பின்தங்கிவிடும். வலையால் பிடிக்காமல் பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள், வலையில் துடுப்பு கிழியும்.

உப்பையும் இதிலேயே ஏற்றிவிடலாம். முதல் டப் கடையின் 1.020-இல் இருக்கட்டும். பையை அதில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் மீனை மட்டும் விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அடுத்தது 1.022, அதற்கடுத்தது 1.024, பிறகு 1.025. உப்பு சட்டென்று கூடினால் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் இழுக்கப்படும். படிப்படியாக ஏற்றினால் தாங்கிக்கொள்ளும்.

இந்த முறை வெள்ளைப்புள்ளிக்கு மட்டும்தான். வெல்வெட் நோயும் செவுள் தட்டைப்புழுவும் இதில் போகாது. ஆகவே கடைசி டப்பில், சம்ப்பிலிருந்து எடுத்த அந்த ஸ்பான்ஜைப் போட்டு இன்னும் இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். தினமும் அம்மோனியா பாருங்கள். உடம்பில் மாவு பூசியது போன்ற படலமோ வேக மூச்சோ தெரிந்தால் அதற்கான மருந்து இந்த டப்பிலேயே.

10. தொட்டியில் விடுதல்

மாலையில், லைட் குறைந்த பின் செய்யுங்கள். துளையிட்ட நிறமற்ற பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள் மாட்டி, ஒரு குழாய்த் துண்டோடு மீனை அதில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பழைய மீன்கள் வந்து முறைத்துப் பார்த்துவிட்டுச் சலித்துப்போகும். சிக்ஸ் லைனும் உள்ளேயே தின்னப் பழகும். அது பெட்டிக்குள்ளிருந்தே யாரையாவது மோதிக்கொண்டிருந்தால், அந்த ஜோடி ஒத்துவராது என்பது வெளியே விடும் முன்பே தெரிந்துவிடும். இப்போது திருப்பி எடுப்பது சுலபம்.

வெளியே விட்ட பிறகு சில நாள் காணாமல் போகும். பாறையைப் புரட்டித் தேடாதீர்கள். தீனி நேரத்தில் வால் நுனியாவது தெரியும். இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும்: இடுக்கில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு வழவழப் பை, அதற்குள் அசையாமல் மீன். செத்துப்போய் பூஞ்சை பிடித்துவிட்டது என்று குச்சியால் குத்தி எடுத்தவர்கள் உண்டு. அது தூங்குவதற்காகத் தானே சுரந்து போர்த்திக்கொண்ட உறை. விடிந்ததும் உதறிவிட்டு வெளியே வரும்.

11. தீனி

வாய் சின்னது, வயிறும் சின்னது, ஓட்டமோ ஓயாதது. ஒரே வேளை நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மைசிஸ் என்னும் உறைந்த குட்டி இறால் வகை முதன்மை உணவு, நடுநடுவே ஆர்ட்டீமியா, பொடி பெல்லட். உறைந்த கட்டியை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடித்துவிட்டுப் போடுங்கள். அந்தச் சாற்றில் உள்ள பாஸ்பேட் பாசியைத்தான் வளர்க்கும்.

மீன் மார்க்கெட்டில் காலையில் வந்த இறாலும் நல்ல தீனிதான். ஓடும் நரம்பும் நீக்கி, ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, அரிசிக் குருணை அளவுக்குக் கொத்தி, தட்டையாக ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸில் பல நாள் கிடந்த இறால் வேண்டாம். மின்வெட்டில் உருகிய தீனியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

12. வம்பு செய்ய ஆரம்பித்தால்

முதல் வாரத்துத் துரத்தலைக் கண்டு பதறாதீர்கள். துரத்தப்பட்ட மீன் திரும்ப வந்து தின்கிறதா என்று மட்டும் பாருங்கள். தின்றால் விட்டுவிடலாம். மூலையிலேயே ஒண்டிக்கொண்டு, துடுப்பு கிழிந்து, தீனிக்கும் வராமல் இருந்தால் ராஸை எடுத்தாக வேண்டும்.

வலையோடு துரத்தினால் பவளம் உடையும், மீன் கிடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, பின்பக்கம் ஊசியால் துளைகள் போடுங்கள். மீன் நுழையும் அளவுக்குக் கழுத்துத் துளை இருக்க வேண்டும், வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே ஒரு கல்லும் கொஞ்சம் மைசிஸும். அன்று காலையில் தொட்டிக்கு வேறு தீனி வேண்டாம். பாட்டிலை அது வழக்கமாகச் சுற்றும் பாறையோரம் வைத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் நிற்காமல் அறையின் மறுபக்கம் போய் உட்காருங்கள். முதலில் கோபிதான் மாட்டும், அதை விட்டுவிட்டு மறுபடி வையுங்கள். ராஸ் மாட்டியதும் பாட்டில் வாயைக் கையால் பொத்தித் தூக்கி, தயாராக இருக்கும் மூடி போட்ட டப்பில் விடுங்கள். அதை வாங்கிக்கொள்ள யாரிடம் கேட்பது என்பதை மட்டும் பாட்டிலை வைப்பதற்கு முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள்.